பசை தடவிய பக்கம்

ராசிங்காபுரத்துக்கு இங்கிலீஷ் பேப்பர் வந்துகொண்டிருந்ததா என்று இன்றைக்கு அந்த ஊரில் போய்க் கேட்டால் ஒருத்தரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்று ஏற்பாடு. ஆனால் வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம், மழை வெயில் பார்க்காமல் வந்தது.

வந்த விதம்தான் வேடிக்கை. ஒற்றைப் பேப்பருக்காக அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப முடியாது என்று போடியில் ஏஜெண்டு கையை விரித்துவிட்டார். அதனால் லிங்கேஸ்வரனே பேப்பர்காரர் ஆக வேண்டியதாயிற்று. அவர் ஜீப் டிரைவர். விடிகாலையில் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிக்கு வந்து, அங்கிருந்து போடிமெட்டு ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு எதிரே அழகுராஜா கடையில் வண்டியை அணைக்காமலே கையை நீட்டினால் பேப்பர் கைக்கு வரும். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சுத்தமான சாக்கை விரித்து, மடிப்புக் கலையாமல் அதை வைப்பார். அது பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, பகலெல்லாம் மலைமேல் மஞ்சுக்குள் கிடந்து, மறுபடி பதினேழு வளைவு இறங்கி, டீசலும் ஏலக்காயும் கலந்த வாசனையோடு சாயங்காலம் ஆறரைக்கு வீடு வந்து சேரும். நாட்டுக்கெல்லாம் காலையில் விடிந்த செய்தி அவர் மகள் முத்துப்பிரியாவுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் விடியும்.

முத்துப்பிரியாவுக்குச் சட்டம் படிக்க ஆசை. நாட்டில் இருக்கிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வு. கிளாட் என்று பெயர். கேள்வியெல்லாம் பத்தி பத்தியாக, பேப்பரில் வருகிற மாதிரியே இருக்கும். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிக்காதவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்று, போனில் பாடம் நடத்துகிற ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு டிசம்பரில் எழுதிப் பார்த்தாள். கொஞ்சத்தில் தவறிவிட்டது. இந்த டிசம்பரில் மறுபடி எழுத வேண்டும் என்று, கூடப் படித்தவர்களெல்லாம் காலேஜுக்குப் போன பிறகும் அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எதைப் படிப்பது, எதைப் படிக்கக் கூடாது என்பதற்கும் ஆசிரியர் கணக்குச் சொல்லியிருந்தார். முதல் பக்கம், தலையங்கம், உலகச் செய்தி, வணிகம் இதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். சினிமா, விளம்பரம், டெண்டர், கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் குப்பை. அதில் நீ கண்ணை வைக்கிற நேரத்தில் வேறொருத்தி உன் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். முத்துப்பிரியா சொன்ன சொல் தட்டாத பிள்ளை. வேண்டிய கட்டுரையை வெட்டி, மைதாப் பசை காய்ச்சித் தடவி, நீள நோட்டில் ஒட்டி, ஓரத்தில் தேதியும் குறிப்பும் எழுதுவாள். ஒட்டுவதற்கு முன்னால் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அங்கே உருப்படியாக ஏதாவது இருந்தால் கையால் எழுதிக்கொள்வாள். இல்லாவிட்டால் அதன்மேல் பசை. அப்படி ஏழு நோட்டு நிறைந்து, உப்பிப்போய், அட்டை மூடாமல் அலமாரியில் நின்றன.

லிங்கேஸ்வரனுக்கு இங்கிலீஷில் தெரிந்தது கிளச்சு, கியரு, ஆர்.சி. புக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேப்பரைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் அவரே அச்சடித்தார் என்று நினைக்கத் தோன்றும். வண்டியில் முன்சீட்டுக்காரி ஒச்சம்மாள் சீண்டாத நாளில்லை.

"ஏண்ணே, அதுல என்ன தங்கமா வச்சிருக்கு? சீட்டுக்கு அடியில போட்டு அடைகாக்குறீங்க!"

"எம் மக படிக்கிற பேப்பரு ஒச்சம்மா. ஊருக்குள்ள வேற யாரு வீட்டுலயாச்சும் இங்கிலீசு பேப்பரு உண்டா, சொல்லு பாப்போம்? நாளைக்கு உங்க கூலிக்கு ஒரு வம்பு வந்தா எம் மகதான் வந்து நிக்கணும்."

"நின்னா சரி. அதுக்குள்ள எங்களக் கொண்டுபோய் வெரசா எறக்கிவிடுங்க."

பெண்கள் சிரிப்பார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பும் வேண்டியிருந்தது.

சீட்டுக் கிடைத்தால் ஐந்து வருஷப் படிப்பு. அதற்கு அவர் நம்பியிருந்தது குரங்கணிக்கு மேலே சரிவில் இருக்கிற தோட்டத்தை. அவருடைய அப்பா மொக்கச்சாமி விட்டுப்போனது. காப்பி, மிளகு, ஓடையோரம் நாலு வரிசை ஏலம், நடுவில் ஆளில்லாத ஒரு தகரக் கொட்டகை. அண்ணன் ராஜாராமுக்கு மேல்பாதி, இவருக்குக் கீழ்ப்பாதி என்று அப்பா கைகாட்டிப் பிரித்ததுதான். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அப்பாவின் கருமாதிப் பந்தலில் ஆரம்பித்த சண்டையில் அண்ணன் தம்பிக்குள் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ராஜாராம் போடியில் இருந்தார். எங்காவது எதிரெதிரே வந்தால் இரண்டு பேருமே மலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"நீ சீட்ட மட்டும் வாங்கு ஆத்தா. மத்ததத் தோட்டம் பாத்துக்கிரும்" என்பார் லிங்கேஸ்வரன். மகளுக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை. காப்பிப் பழம் சிவந்து நின்றது. முனீஸ்வரி, முத்துப்பிரியாவின் அம்மா, இரண்டு ஆட்களோடு பழம் பறிக்கப் போயிருந்தாள். பதினொரு மணிக்குக் கோர்ட்டு அமீனா கையில் ஒரு காகிதத்தோடு ஏறி வந்தார். பின்னாலேயே ராஜாராம் வீட்டு ஆட்கள். தோட்டம் முழுக்க ராஜாராமுக்குச் சொந்தம் என்று செப்டம்பரிலேயே தீர்ப்பாகிவிட்டது, இன்றைக்குச் சுவாதீனம் ஒப்படைக்க வந்திருக்கிறோம், பறித்த பழத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்குங்கள் என்றார் அமீனா. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். முனீஸ்வரி இடுப்பில் கட்டியிருந்த பறிப்புச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் குரங்கணி வரைக்கும் நடந்து இறங்கி வந்தாள். அங்கே ஒருத்தர் சொன்ன பிறகுதான் இடுப்பைப் பார்த்தாள்.

கேஸ் எப்போது போட்டார்கள், யார் போய் வாதாடினார்கள், எதுவும் தெரியாமல் எப்படித் தீர்ப்பு ஆகும்? மறுநாள் மூன்று பேரும் போடியில் வக்கீல் சந்திரவல்லியின் ஆபீசில் போய் உட்கார்ந்தார்கள். சந்திரவல்லி ஐம்பது வயதுக்காரர், வேகமாகப் பேசுகிறவர். குமாஸ்தா பாண்டித்துரையைக் கோர்ட்டுக்கு அனுப்பிக் வழக்குக் கட்டைப் பார்த்துவரச் சொன்னார். அவர் குறித்துக்கொண்டு வந்த தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க அண்ணன் கெட்டிக்காரர்ணே. உங்களுக்குச் சம்மன் அனுப்புன விலாசம் என்னன்னு பாருங்க. குரங்கணி தோட்டத்துக் கொட்டகை. அங்க யாரு இருக்கா? ஆள் இல்லைன்னு திரும்பி வந்திருக்கு. ரெண்டு தரம். அதுக்கப்புறம் பேப்பர்ல விளம்பரம் குடுக்க உத்தரவு வாங்கியிருக்காங்க. பேப்பர்ல வந்துட்டா உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான் கணக்கு. ஜூலையில வாய்தா. நீங்க வரல. ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பாயிருச்சு."

"எந்தப் பேப்பருல?" என்றார் லிங்கேஸ்வரன். "டீக்கடையில தமிழ்ப் பேப்பரு ரெண்டு வருதே. யாராச்சும் பாத்துச் சொல்லியிருப்பாகளே."

"அதான் கெட்டிக்காரத்தனம். தமிழ்ல போட்டா ஊர்ல எவனாவது பாத்துருவான்னு இங்கிலீஷ் பேப்பர்ல குடுத்திருக்காங்க. ஜூன் பதினாலு." சந்திரவல்லி பேப்பரின் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "நமக்கு அதுவே நல்லதாப் போச்சு. எங்க பக்கத்துல அந்தப் பேப்பரே கெடையாது, எனக்குத் தகவல் வந்து சேரலைன்னு மனு போட்டுருவோம். தீர்ப்பு தெரிஞ்ச நாள்லேருந்து முப்பது நாள் டைம் இருக்கு. ராசிங்காபுரத்துல யாரு இங்கிலீஷ் பேப்பர் படிக்கப் போறா?"

"எம் மக படிக்கிறாளே!" என்றார் லிங்கேஸ்வரன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோட்டம் போன துக்கத்தையும் மறந்து, ஒரு நொடி வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். இரண்டு வருஷத்துப் பழக்கம். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் வாய் தானாகவே அந்தப் பதிலைச் சொல்லிவிடும். சந்திரவல்லியின் சிரிப்பு நின்றது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அதே பேப்பரா?"

"அதே பேப்பருதான். நாந்தான் தெனமும் வாங்கியாறேன்."

"இத இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே. உங்க வீட்டுக்குப் பேப்பர் வந்ததுன்னு எதிர்த்தரப்பு காட்டிட்டா, ஜூன் மாசமே உங்களுக்குத் தெரியும், வேணும்னே வரலைன்னு ஆயிரும். மனு நிக்காது. தோட்டத்த மறந்துற வேண்டியதுதான்." பிறகு முத்துப்பிரியாவின் பக்கம் திரும்பினார். "நீ அன்னிக்குப் பாத்தியாம்மா?"

"இல்ல மேடம்" என்றாள் முத்துப்பிரியா.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஜூன் பதினான்கை நினைவுபடுத்திப் பார்த்தாள். எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆறாவது நோட்டில் இருக்கும். அன்றைக்கு எதையும் வெட்டாமல் இருந்திருக்கக் கூடாதா, பேப்பர் கடைக்கே வராமல் இருந்திருக்கக் கூடாதா, அன்றைக்கு ஜீப் ரிப்பேராகி நின்றிருக்கக் கூடாதா என்று வேண்டாத சாமியில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால்கூடக் கழுவாமல் ஆறாவது நோட்டை எடுத்தாள்.

ஜூன் 14. எங்கோ வடக்கே இரண்டு தேசங்களுக்கு நடுவில் மீன்பிடி எல்லைத் தகராறு, அதற்கு ஒரு ஒப்பந்தம். கால் பக்கக் கட்டுரை. சிவப்புப் பேனாவில் கோடு போட்டிருந்தாள். 'எந்தக் கடல்? எத்தனை மைல்? யார் மத்தியஸ்தம்?' என்று ஓரத்தில் அவளுடைய குண்டுக் கையெழுத்து. அதைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. துண்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கட்டம் கட்டின பொடி எழுத்து. மேலே தடிப்பாக நோட்டீஸ் என்று இருந்தது. குப்பை என்று பசையைத் தொட்டாள். பிரஷ்கூட நினைவிருக்கிறது, முடி உதிர்ந்த பழைய பெயிண்ட் பிரஷ். நாலு மூலையிலும் நன்றாகத் தடவி, துணியால் அழுத்தி, காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டியிருக்கிறாள்.

அடுப்பில் இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்துவிட்டு நோட்டின் அந்தப் பக்கத்தை ஆவியில் பிடித்தாள். மைதாப் பசை இளகச் சிரமமில்லை. ஓரத்தில் நகத்தை விட்டு மெல்ல உரித்தாள். கடல் தகராறு சுருண்டு வந்தது. அதன் பின்னால், பசையில் ஊறி மங்கலாக, ஆனால் படிக்க முடிகிற மாதிரி, அது இருந்தது.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முனீஸ்வரி வந்து பார்த்தாள். லிங்கேஸ்வரனும் வந்து நின்றார். ஈரத் துண்டை அவள் கையில் ஏந்தியிருந்த விதமே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"படி ஆத்தா" என்றார் அப்பா.

படித்தாள். இன்ன கோர்ட்டு, இன்ன வழக்கு, வாதி ராஜாராம், பிரதிவாதி லிங்கேஸ்வரன், தகப்பனார் பெயர் மொக்கச்சாமி. ஜூலை ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகத் தவறினால் நீங்கள் இல்லாமலேயே வழக்குத் தீர்மானிக்கப்படும். அவ்வளவுதான். பத்து வரி. அவள் வாசிக்கும் வேகத்துக்கு இருபது நொடி ஆகாது.

"எம் பேரு எங்க இருக்கு?"

காட்டினாள். அவர் குனிந்து உட்கார்ந்து, கியர் பிடித்துக் காய்த்துப்போன விரலை அந்த இடத்தில் வைத்தார். பசை விரலில் ஒட்டியது. இரண்டு வருஷமாக அவர் சுமந்து வந்த பேப்பரில் அவர் பெயர் வந்த ஒரே நாள் அது.

"திருப்பிப் பாத்தேம்ப்பா" என்றாள் முத்துப்பிரியா. "பாத்துட்டுத்தான் ஒட்டினேன். படிக்கல. படிச்சிருந்தா..."

"நீ என்ன செய்வ" என்றார் லிங்கேஸ்வரன். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நாந்தானே கொண்டாந்தேன். சீட்டுக்கு அடியில சாக்கு விரிச்சு வச்சு, மல ஏத்தி, மல எறக்கி, எங்கண்ணன் குடுத்தத நானே பத்திரமா வீட்டுக்குக் கொண்டாந்து சேத்திருக்கேன். அமீனாவுக்குக்கூட அந்தச் சோலிய வைக்கல."

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க மாட்டாமல் முனீஸ்வரி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் முனீஸ்வரிதான் நோட்டுகளை என்ன செய்வது என்று பேச்சை எடுத்தாள். அந்த ஒரு பக்கத்தைக் கிழித்தால் போதும் என்றார் லிங்கேஸ்வரன். ஏழு நோட்டிலும் தேதி போட்டுப் பேப்பர் ஒட்டியிருக்கிறதே, யாராவது வந்து பார்த்தால் அதுவே சாட்சி ஆகாதா என்று கேட்டாள் அவள். நாலாம் வகுப்பு தாண்டாதவள். கேள்வி வக்கீல் கேள்வியாக இருந்தது. பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள். கடைசி வாரம் முழுக்க அந்த ஏழு நோட்டையும் திருப்பிப் பார்ப்பதுதான் முத்துப்பிரியாவின் திட்டம். அதை நம்பித்தான் அவள் எதையும் மனப்பாடம் செய்யாமல் விட்டிருந்தாள்.

"அவ படிக்க வேணாமா?" என்றார் லிங்கேஸ்வரன்.

"படிச்சு? எத வச்சுச் சேக்கப் போறீங்க?" என்றாள் முனீஸ்வரி.

தோட்டம் திரும்பக் கிடைத்தால்தான் படிப்பு, தோட்டம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் படித்த அடையாளமே இருக்கக் கூடாது. முத்துப்பிரியா எத்தனையோ மாதிரிக் கேள்வித்தாள் போட்டுப் பார்த்தவள். நாலு விடையில் ஒன்றாவது சரியாக இருக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இதில் அப்படி ஒன்றும் இல்லை.

கொல்லையில் வெந்நீர் அடுப்பில் ஏழு நோட்டையும் அவளே வைத்தாள். வேறு யாரும் தொட அவள் விடவில்லை. பசைத் தாள் லேசில் பற்றாது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. மைதா கருகின வாசனை, ரொட்டி தீய்ந்த மாதிரி, மத்தியானம் வரைக்கும் வீட்டுக்குள் நின்றது.

திங்கட்கிழமை பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தது. இங்கிலீஷில் நாலு பக்கம். இங்கிலீஷ் தெரியாதவர் கையெழுத்துப் போட்டால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன், புரிந்துகொண்டார் என்று வாசித்தவர் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். அது குமாஸ்தா பாண்டித்துரையின் வேலை. அவர் முப்பது வருஷமாக வாசித்துக் காட்டுகிறவர். மடமடவென்று ஒப்பித்துக்கொண்டு போனதில் லிங்கேஸ்வரனுக்கு ஒரு வரி புரியவில்லை.

"நீ சொல்லு ஆத்தா" என்று மகளைப் பார்த்தார்.

முத்துப்பிரியா தாளை வாங்கினாள். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அவர் பேசுகிற தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் கையில் பிடித்துப் படித்த முதல் கோர்ட்டுக் காகிதம். இப்படி ஒரு நாள் வரும், இப்படி ஒரு மேஜை முன்னால் ஒருத்தருக்குப் புரிகிற மாதிரி சட்டத்தைச் சொல்லுவோம் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள். ஏழாவது பத்தியில் அவள் குரல் இறங்கிவிட்டது.

"எங்க வீட்டுல இங்கிலீசுப் பேப்பரு வாங்குற பழக்கமோ படிக்கிற பழக்கமோ எப்பவும் கெடையாதுன்னு உறுதி சொல்றேன்."

"அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமாப்பா."

லிங்கேஸ்வரன் பேனாவை வாங்கினார். பிறகு நாலு பக்கத்திலும் எங்கெங்கே காட்டினார்களோ அங்கெல்லாம் போட்டார். பாண்டித்துரை பழக்கதோஷத்தில் தாளைத் தன் பக்கம் இழுத்து, "வாசிச்சுக் காட்டுனது பாப்பாதானே? பேரு சொல்லும்மா" என்றார்.

"பாண்டித்துரை!" என்று அதட்டினார் சந்திரவல்லி. "அந்தப் பேரு மட்டும் இதுல வரவே கூடாது."

பாண்டித்துரை நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரையே எழுதிக்கொண்டார். சந்திரவல்லி வாசல் வரை வந்து முத்துப்பிரியாவின் தோளில் கை வைத்தார். "கேஸ் முடியற வரைக்கும் பேப்பர் வாங்க வேண்டாம்மா. பரிட்சை அது இதுன்னு வெளியில பேச்சும் வேண்டாம். நீ நல்லா வருவ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க லிங்கேஸ்வரன் அழகுராஜா கடையைத் தவிர்க்க வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். வண்டியில் இருந்த பெண்களுக்கு விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. ஒச்சம்மாள் டிரைவர் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொள்வாள். அவள் பேசாமல் வருவது அவருக்கு மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் பரீட்சை. ஏலத்துக்குப் பறிப்புக் காலம் என்பதால் ஞாயிறும் வேலை இருந்தது. முத்துப்பிரியாவும் முனீஸ்வரியும் அதே ஜீப்பில் போடிக்கு வந்தார்கள். மதுரை பஸ்சு பிடிக்க வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டு வாசலில்தான் இறங்க வேண்டும். அன்றைக்குச் சுற்றுத் தெரு உதவாது. வண்டி நின்றதும் அழகுராஜா கடையிலிருந்து பாய்ந்து வந்தார். அவர் கையில் ஒரு கட்டு.

"என்னண்ணே, ஒரு வாரமா ஆளையே காணோம்! பாப்பாவுக்குப் பரிட்சையாச்சேன்னு எட்டு நாள் பேப்பரையும் யாருக்கும் குடுக்காம எடுத்து வச்சிருக்கேன். இந்தாங்க."

லிங்கேஸ்வரன் கையை நீட்டப் போனார். அப்போதுதான் கடைப் பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். ராஜாராம். நரைத்த மீசை, அப்பாவின் அதே மூக்கு. அன்றைக்கு அவர் மலையைப் பார்க்கவில்லை. ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் மாறிக் குடுக்குறீங்க தம்பி" என்றார் லிங்கேஸ்வரன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "இங்கிலீசுப் பேப்பரா? எங்க வீட்டுல அதப் படிக்க யாரு இருக்கா?"

அழகுராஜா ஒன்றும் புரியாமல் விழித்தார். வண்டிக்குள் பன்னிரண்டு பெண்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆமா, யாரு இருக்கா" என்றாள் ஒச்சம்மாள். "எங்க ஊருல அதெல்லாம் ஏது?"

முத்துப்பிரியா இறங்கி நின்றாள். இரண்டு வருஷமாக இதே ஜீப்பில் இதே மனுஷர் இதே பெண்களிடம் எதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் என்பது அவளுக்குத் தெரியும். ஹால் டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் உறையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். மறைத்ததை ராஜாராம் பார்த்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் பேசினார்.

"எங்க ஆத்தா கெளம்பிட்ட? பரிட்சையா?"

முனீஸ்வரி மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். சாட்சி சொல்லுகிறவர் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லக் கூடாது என்று முத்துப்பிரியா எங்கோ வெட்டி ஒட்டியிருந்தாள். அது எந்த நோட்டு என்று இனி தேட முடியாது.

"இல்ல பெரியப்பா. மதுரைக்கு, கண்ணாஸ்பத்திரிக்கு."

"கண்ணுக்கு என்ன?"

"கிட்டத்துல இருக்கிறது தெரிய மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண்ணாஸ்பத்திரி என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாதி டீயோடு கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து போனார். எட்டு நாள் பேப்பர் அழகுராஜா கையிலேயே இருந்தது.

லிங்கேஸ்வரன் கியரைப் போட்டார். போன தடவை பரீட்சைக்குப் போனபோது இதே இடத்தில் வண்டியை அணைத்து, இறங்கி வந்து, நல்லா எழுது ஆத்தா என்று ஊரறியச் சொல்லி அனுப்பியவர். இப்போதும் அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடைக்காரர் நிற்கிறார், டீ குடிக்கிறவர்கள் நிற்கிறார்கள். அவர் அதை விழுங்கிக்கொண்டு, மகளின் முகத்தை மட்டும் ஒரு தரம் பார்த்தார்.

"கண்ண நல்லாக் காட்டிட்டு வா ஆத்தா" என்று சொல்லிவிட்டு மலைப் பாதைக்கு வண்டியைத் திருப்பினார்.